ஒன்பதாம் அட்டை

இது நடந்தது. கட்டிவிட்ட கதை இல்லை. நம்பாதவர்கள் இங்கேயே மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம், எனக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. இருபத்தாறு வருஷமாக ஒரே பள்ளிக்கூடத்தில் கிளார்க்காகக் குப்பை கொட்டுகிறவன் நான். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று எழுதி எழுதியே கண் பூத்துப் போனவன். எனக்குக் கற்பனை வராது. நேரம் மட்டும்தான் வரும். இதில் இருக்கிற நேரமெல்லாம் சரியான நேரம்.

நடந்தது முதலில் எனக்கு இல்லை, அட்டை மிஸ்ஸுக்கு. என் தங்கை வயசு. அதனால் ‘அவள்’ என்றே எழுதுகிறேன், மரியாதைக் குறைவு என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

அறிவியல் எடுப்பவள். நான்கு வருஷமாகத் தற்காலிகம். ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் ‘அடுத்த வருஷம் உண்டா சார்?’ என்று என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பாள். வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி அம்மாவும் ஒரு பெண் குழந்தையும். இந்த வருஷம் தலைமை ஆசிரியை, நாங்கள் பெரிய மேடம் என்போம், அவளைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார்.

எங்கள் பள்ளியில் ஒவ்வொரு ஆசிரியரும் தன் பீரோவில் புத்தகத்தை அடுக்கிப் பூட்டிக்கொள்வார். ஒருத்தர் பீரோவில் முப்பது பிரதி தூங்கும். அதே புத்தகம் இல்லையென்று பக்கத்து வகுப்புக்காரர் நாய் படாத பாடு படுவார். எல்லாவற்றையும் ஒரே அறைக்குக் கொண்டு வா, ஆசிரியர்களுக்குப் பொதுவாக ஒரு புத்தக அறை வை, என்றார் மேடம். மாடி வராந்தாவின் கடைசியில் இருக்கும் பழைய சாமான் அறைதான் கிடைத்தது. திங்கட்கிழமை பள்ளி திறக்கும் நாள். அன்றைக்கே மேலதிகாரி பார்வையிட வருகிறார்.

“அறை ஒழுங்கா இருந்தா உங்க பேரை நிரந்தரத்துக்கு எழுதறேன். ஒரு செட் குறைஞ்சாலும் என்கிட்ட வராதீங்க.”

அவ்வளவுதான் மேடம் சொன்னது. அவளுக்கு அது போதும். லீவு நாள் என்றும் பார்க்காமல் பேயாய் உழைத்தாள். (இந்த வார்த்தையை நான் தெரிந்து போடவில்லை. வந்துவிட்டது, இருக்கட்டும்.) சுலபமான புத்தகத்துக்குப் பச்சை டேப், நடுத்தரத்துக்கு மஞ்சள், கஷ்டமானதற்குச் சிவப்பு. ஒரு செட்டுக்கு முப்பது பிரதி, ஒரு தட்டு. மொத்தம் நாற்பத்தொரு செட்.

அப்புறம் அந்த அட்டைகள். ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு நம்பர் போட்ட பிளாஸ்டிக் அட்டை, கதவுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி. செட்டை எடுத்தால் அந்த இடைவெளியில் உன் அட்டையை நிற்க வை. திருப்பி வைத்தால் அட்டையைக் கொக்கியில் மாட்டு. பதினைந்து நாளுக்குள் திரும்ப வேண்டும். கதவில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். கணக்கு சார்தான் அவளுக்கு ‘அட்டை மிஸ்’ என்று பேர் வைத்தார். ஒட்டினால் விடாதாம்.

எங்களிடம் ஆசிரியர்கள் பதினான்கு பேர். ஆனால் அவள் பதினைந்து அட்டை போட்டாள். ஏனென்றால் என் வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் நம்பர் எடுத்தாள். அதில் கடைசி ஆள் பதினைந்து. நடுவில் ஒன்பதாம் வரி காலி. பல வருஷமாக அது காலி. நானும் மாசா மாசம் கோடு போடும்போது அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை. மதியம் 3:40. கடைசிச் செட்டையும் அடுக்கிவிட்டு, அறையைப் பூட்டி, டேப் வாங்க என்னிடம் கீழே வந்தாள். 3:52-க்கு மேலே போனாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. சாவி அவள் கையில்.

சுவரை ஒட்டிய கடைசி அலமாரி. இரண்டாம் தட்டு. ஒரு செட் இல்லை.

இடைவெளியில் அட்டை நின்றது. ஒன்பது.

அவளுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. யாரோ விளையாடுகிறார்கள். அன்றைக்குப் பள்ளியில் இருந்ததே ஐந்து பேர். பெரிய மேடம், கணக்கு சார், வாட்ச்மேன், நான், அவள். நேராக என்னிடம் வந்தாள்.

“ஒன்பது யாரு சார்?”

“யாரும் இல்ல மிஸ். காலி நம்பர்.”

“ஏன் காலி?”

“அது அப்படித்தான். நான் வர்றதுக்கு முன்னாடியே அப்படித்தான்.”

அந்த அறைக்கு இன்னொரு சாவி இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு காலத்தில் கணக்கு சாரிடம் இருந்ததாக ஞாபகம் என்று சொன்னேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த மனுஷன் தன் புத்தகங்களை அறைக்குக் கொண்டுவரும்போதே முணுமுணுத்தார், இருபது வருஷம் தூசி படாமல் வைத்திருந்தேன், இனிமேல் நாலு பேர் கையில் நார் நாராகப் போகும் என்று. அவரைத் தவிர வேறு யார்? வராந்தாவில் அவர் எதிரே வந்து “என்ன மிஸ், முகம் இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?” என்று சிரித்தபோது அவளுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

வியாழக்கிழமை. காலை 11:05. அறையைத் திறந்தாள்.

போன செட் வந்திருந்தது. முப்பதும் இருந்தன. ஓரம் பிசகாமல், ஸ்கேல் வைத்து அடுக்கியது போல. ஒன்றைத் திறந்தாள். பதினேழாம் பக்கத்தில் ஓர் அச்சுப் பிழை. ‘பலம் தின்றான்’ என்று இருந்த இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டு மேலே ‘ழ’ என்று எழுதியிருந்தது. அடுத்த பிரதியிலும். அதற்கடுத்ததிலும். முப்பது பிரதியிலும்.

ஒரே ராத்திரியில் இதை யார் உட்கார்ந்து திருத்துவார்கள்? அதுவும் கணக்கு சார் ‘பலமா பழமா’ என்றெல்லாம் கவலைப்படுகிற ஜாதி இல்லையே. அவளுக்கு முதல் தடவையாக உள்ளுக்குள் ஏதோ நெருடியது.

அதற்குக் கீழே மூன்றாம் தட்டைப் பார்த்தாள்.

வேறொரு செட் இல்லை. அங்கே ஒன்பது நின்றது.

அட்டையைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். பை தோளிலேயே இருந்தது. மதியம் 2:20-க்கு அதே அலமாரிக்குத் திரும்பினாள்.

ஒன்பது நின்றது.

பையைத் தொட்டுப் பார்த்தாள். ஜிப் மூடியிருந்தது. உள்ளே அட்டை இல்லை.

விறுவிறுவென்று கீழே வந்தாள். என் மேஜையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள், அட்டையைக் குறுக்கே இரண்டாக வெட்டினாள், என் குப்பைக்கூடையில் போட்டாள். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். “இனி எதை வச்சு எடுப்பாருன்னு பாக்கறேன்” என்றாள். 

அங்கேதான் அவள் தப்பு பண்ணினாள். அட்டை இருந்தவரை புத்தகம் ஒழுங்காகத் திரும்பி வந்தது. அட்டையை வெட்டிய பிறகு அந்தச் செட் வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையும் வரவில்லை. மதியமும் வரவில்லை. நாற்பதுதான் இருந்தது. மேடம் மாலை ஆறு மணிக்கு வந்து எண்ணிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவள் என் எதிரே உட்கார்ந்து, கையைப் பிசைந்துகொண்டு, நாலு வருஷமும் போச்சு சார் என்றாள். அம்மாவிடம் என்ன சொல்வேன் என்றாள்.

நான்தான் யோசனை சொன்னேன். புகாராக எழுதிக் கொடுங்கள், எழுத்தில் இருந்தால் உங்கள் மேல் வராது என்றேன். வாசகத்தையும் நானே சொன்னேன். ஆபீஸ் பாஷை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ‘மேற்படி முப்பது பிரதிகளையும் கணித ஆசிரியர் எடுத்துச் சென்றதாகத் தெரிகிறது.’ அந்தத் ‘தெரிகிறது’ இருக்கிறதே, அதில் ஒரு சௌகரியம் உண்டு. யாருக்குத் தெரிகிறது, எப்படித் தெரிகிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

4:15-க்கு எழுதி முடித்தாள். மாடி அறை மேஜை டிராயரில் ஒரு ஃபைலுக்குள் வைத்தாள். ஆறு மணி வரை நேரம் இருந்தது. அதற்குள் அவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று ஓர் எண்ணம். அறைக்கு உள்தாழ்ப்பாள் போட்டாள், வெளியே அவர் கதவைத் தள்ளினால் சட்டென்று திறந்து பிடித்துவிடலாம் என்று. கடைசி அலமாரிக்கு எதிரே, தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

5:20. மழை பிடித்தது.

5:35. கரண்ட் போனது.

ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அலமாரி தெரிந்தது. மூன்றாம் தட்டின் இடைவெளி கறுப்பாகத் தெரிந்தது.

5:41. ஒரு சத்தம்.

தட்... தட்...

ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த சத்தம். நோட்டுப் புத்தகங்களை மேஜையில் தட்டித் தட்டி ஓரம் சரி பண்ணும் சத்தம்.

தட்... தட்... தட்...

கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

“சார்?” என்றாள்.

சத்தம் நின்றது.

அப்புறம்... சரக்.

இடைவெளியில் ஒரு புத்தகம் வந்து நின்றது.

சரக்.

இன்னொன்று.

முன்னால் யாரும் இல்லை. புத்தகம் பின்னாலிருந்து வந்தது. பின்னாலிருந்து முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது.

பின்னால் இருப்பது சுவர்.

சரக்... சரக்... சரக்...

அவளால் எழுந்திருக்க முடியவில்லை. 

இடைவெளி நிறைந்தது.

சத்தம் நிற்கவில்லை.

கீழ்த்தட்டிலும் வந்தது. அது செட் ஒன்றும் வைக்காத காலித் தட்டு...

அப்புறம் நின்றது.

ஒரு பெண் குரல். வகுப்பில் கேட்பது போல. அமைதியாக.

“எத்தனை?”

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

“எண்ணு.”

எண்ணினாள். இருட்டில், தடவித் தடவி, தவழ்ந்துகொண்டு எண்ணினாள். ஏன் எண்ணினாய், கதவைத் திறந்து ஓடியிருக்கலாமே என்று பிறகு கேட்டேன். அந்தக் குரல் சொன்னால் எண்ணத்தான் தோன்றும் சார், என்றாள்.

ஐம்பத்திரண்டு.

முப்பது இருக்க வேண்டும். ஐம்பத்திரண்டு இருந்தது.

5:58-க்குக் கரண்ட் வந்தது. அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. கூடுதலாக இருந்த இருபத்திரண்டும் பழைய புத்தகங்கள். புதிதாக பைண்ட் செய்த அட்டை, உள்ளே மங்கிப்போன நீல வட்ட முத்திரை. எழுந்து டிராயரை இழுத்தாள். ஃபைலைத் திறந்தாள்.

புகார்க் கடிதம் இல்லை.

அது இருந்த இடத்தில் ஒன்பதாம் அட்டை இருந்தது. குறுக்கே வெட்டிய கோடு தெரிந்தது. ஆனால் பிரியவில்லை. ஒட்டினால் விடாது என்று கணக்கு சார் கேலி பண்ணியது அப்போது ஞாபகம் வந்ததாம்.

6:02-க்கு என் மேஜை முன்னால் வந்து விழுந்தாள். தண்ணீர் கொடுத்தேன், பாதி சேலையில் சிந்தியது. எல்லாவற்றையும் சொன்னாள். பெரிய மேடம் வருகிறாரா என்று அப்போது பார்க்க வந்த வாட்ச்மேன், கணக்கு சாருக்குப் பல் வலி, இன்றைக்கு மதியம் ஒன்றரைக்கே ஆட்டோவில் ஏற்றிவிட்டேன், வியாழக்கிழமையும் லீவுதானே அவர், என்று போகிற போக்கில் சொன்னார்.

வியாழக்கிழமை வந்தாரா இல்லையா என்று பதிவேட்டைப் புரட்டினேன். வரவில்லை. அது என் பதிவேடு. நான் அதை முன்பே பார்த்திருக்கலாம்.

“நான் அந்த லெட்டரக் குடுத்திருந்தேன்னா அவர் கதி என்ன சார்?” என்று கேட்டுவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் பதிவேட்டை மூடி வைத்தேன்.

6:10-க்கு மேடம் வந்து எண்ணினார். நாற்பத்தொரு செட் சரி. அந்த இருபத்திரண்டு ஏது என்று என்னைக் கேட்டார். பழைய சரக்காக இருக்கும் மேடம் என்றேன். திங்கட்கிழமை மேலதிகாரி வந்தார், பார்த்தார், பாராட்டினார். அவளுக்கு நிரந்தர உத்தரவும் வந்தது. கணக்கு சார் வீங்கிய கன்னத்தோடு எல்லோருக்கும் முன்னால் கை தட்டினார். அவள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சரியாகப் பதினைந்தாம் நாள். மாலை 4:30. அவள் என்னிடம் ஒரு தாளைக் கொண்டுவந்தாள்.

அவள் எழுதிய புகார். டிராயர் ஃபைலுக்குத் திரும்பி வந்திருந்தது. அட்டை கொக்கியில் தொங்கியது. தாளில் கணித ஆசிரியர் என்ற வார்த்தைகளைச் சிவப்பு மையில் அடித்திருந்தது. ‘தெரிகிறது’ என்ற வார்த்தையைச் சுற்றி வட்டம். ஓரத்தில், சின்னக் குண்டு எழுத்தில்:

*யாருக்கு? திருத்தி எழுதுக.*

“இது யார் கையெழுத்து சார்?”

“தெரியல மிஸ்.”

தெரியும்.

இனிமேல் எழுதுவது எனக்கு நடந்தது.

இருபத்துமூன்று வருஷத்துக்கு முன் ஒன்பதாம் வரியில் கையெழுத்துப் போட்டவர் தமிழ் டீச்சர். பிழை பொறுக்காதவர். என் சுற்றறிக்கையைக்கூட சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவார். அந்த வருஷம் தணிக்கையில் இருபத்திரண்டு புத்தகம் குறைந்தது. எண்ணித்தான் கொடுத்தேன் என்றார் டீச்சர். உண்மைதான். என் கையில்தான் கொடுத்தார். நான் அவற்றை பைண்டரிடம் அனுப்பிவிட்டு எழுத மறந்துவிட்டேன். கேள்வி வந்தபோது நான் வேலைக்கு வந்து மூன்றே வருஷம். பயந்துபோய் ஓர் அறிக்கை எழுதினேன். ‘மேற்படி பிரதிகளைத் தமிழாசிரியை எடுத்துச் சென்றதாகத் தெரிகிறது.’

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். மூன்றாம் நாள் காலையில் அவர் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து பைண்டர் புத்தகங்களைக் கொண்டுவந்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாடி அறையின் சுவர் அலமாரிக்குள் வைத்தேன். ஈரம் அடிக்கிறது என்று சொல்லி, கொத்தனாரை விட்டு அதைச் செங்கல் வைத்து மூடிப் பூசச் சொன்னேன்.

அன்று மாலை எல்லோரும் போனபின் அந்த அறைக்குப் போனேன். மாற்றுச் சாவி எப்போதும் என் டிராயரில்தான் இருந்தது. அலமாரியை நகர்த்திச் சுவரைப் பார்த்தேன். பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை.

வீட்டுக்குப் போனேன். என் அறிக்கையின் கார்பன் நகலை இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன். கிளார்க் புத்தி, எதையும் கிழித்துப் போடாது. பெட்டியைத் திறந்து அந்த ஃபைலை எடுத்தேன்.

நகல் இல்லை.

ஒன்பதாம் அட்டை இருந்தது. குறுக்கே ஒரு கோடு.

அதற்கு இன்றோடு பதினான்கு நாள். இதை நான் எழுதுவது நான்காவது தடவை. ஒவ்வொரு தடவையும் எழுதி முடித்து மேஜையில் வைத்துவிட்டுப் படுக்கப் போவேன். காலையில் ஒரே இடத்தில் சிவப்பு வட்டம் இருக்கும். ஓரத்தில் அதே ‘திருத்தி எழுதுக.’ மூன்று தடவையும் அந்த இடத்தை மாற்றாமல் அப்படியே எழுதினேன். இப்போதும் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ‘இரண்டு மாதம் கழித்து’ என்ற இடம்.

சரி.

இரண்டு மாதம் இல்லை. நீக்க உத்தரவில் கையெழுத்தானது மாலை 5:00 மணிக்கு. பைண்டர் வந்தது அன்றைக்கு மாலை 4:00 மணிக்கு. கட்டை என் மேஜையில் வைத்துவிட்டு, எண்ணிக்கோங்க சார், இருபத்திரண்டு, என்றார். டீச்சர் அப்போது ஆபீஸுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் என் மேஜை தெரியும்.

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.